இரண்டு வெட்டு மரம்

மூன்றாவது திருகலில் தேங்காய் மட்டையை விட்டுக் கழன்றுவிடும். நான்காவது திருகல் தேவைப்பட்டால் சபூறா அந்தக் காயை ஒரு முறை முறைத்துப் பார்ப்பார். நிலத்தில் நட்டிருக்கும் அலவாங்கு என்கிற கூர் இரும்பின் நுனியில் காயைக் குத்தி, இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தி, இடுப்பைச் சற்று வெட்டித் திருப்புவார். மட்டை மூன்று கீற்றாகப் பிளந்து காலடியில் விழும். உரித்த காயைத் திரும்பிப் பார்க்காமல் இடது பக்கம் எறிவார். அது உருண்டோடாமல் குவியலின் உச்சியில் போய்க் குந்திக்கொள்ளும். முப்பது வருடமாக எறிகிற கை அல்லவா, காய்க்கும் வழி தெரிந்திருக்கிறது.

சாய்ந்தமருதில் மீன் சந்தைக்குத் திரும்புகிற மூலையில், இரண்டு தகரத்தை இழுத்துக் கட்டிய நிழலுக்குக் கீழே அவருடைய இடம். விடியல் சுபஹுக்குப் பிறகு வந்தால் நடுப்பகல் ளுஹர் பாங்கு சொல்லும்வரை அலவாங்கு ஓயாது. வரும்போது கறுப்பு அபாயா. வந்ததும் அதைக் கழற்றி மடித்து ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டு, நீளச் சட்டைக்கு மேல் மறைந்த கணவர் றஊபின் பழைய சேட்டைப் போட்டு, முந்தானைத் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொள்வார். வயது ஐம்பத்தொன்று. கையைப் பிடித்துப் பார்த்தால் வயது தெரியாது. மாட்டுத் தோலைத் தொட்டதுபோல் இருக்கும்.

பொம்பிளை ஆள் இந்த வேலையா என்று வெளியூர் ஆட்கள் அவ்வப்போது இரக்கப்படுவதுண்டு. சபூறாவுக்கு இரக்கம் பிடிக்காது. "பாவம் பாக்க வந்தீங்களா, தேங்கா வாங்க வந்தீங்களா?" என்று கேட்பார். அதற்கும் அடங்காதவரிடம், "ஆம்பிளையா பொம்பிளையா எண்டு தேங்காய்க்கா தெரியும்?" என்று கேட்டுவிட்டு அடுத்த காயைக் குத்துவார். கேட்டவர் வழக்கத்தைவிட இரண்டு காய் கூடுதலாக வாங்கிக்கொண்டு போவதை நானே கண்டிருக்கிறேன்.

அவருடைய கெட்டித்தனம் வேகத்தில் இல்லை, குடுமியில் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்குக் காயை மொட்டையாக உரித்துக் கொடுப்பார். காரைதீவுப் பக்கத்திலிருந்து சாமிக்கு வைக்க வாங்க வருபவருக்கு, தேங்காயின் கண்ணை மூடியபடி ஒரு பிடி நார் குடுமியாக நிற்க உரிப்பார். மொட்டைத் தேங்காய் கோயிலுக்கு ஆகாது. நெற்றியில் திருநீறு இருந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். தலைக்கவசத்தோடு மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே கேட்பவரையும் எப்படியோ கண்டுபிடிப்பார். வெள்ளிக்கிழமை காலையில் மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் கேட்டால் அது கறிக்கு இல்லை என்பது அவர் கணக்கு. ஒருவரிடமும் வாய்விட்டுக் கேட்டதில்லை. "குடுமி வேணுமெண்டு மனிசன் வாய் துறந்து கேக்க விடக்கூடா. நாமதான் பாத்துச் செய்யணும்" என்பார்.

வேறு இரண்டு விசித்திரங்களும் உண்டு. எங்கே உட்காரப் போனாலும் முதலில் மேலே பார்ப்பார். பஸ்ஸில், வங்கியில், கலியாண வீட்டில், எங்கும் தலையை நிமிர்த்திக் கூரையை ஒரு முறை நோட்டம் விட்டுத்தான் குந்துவார். தென்னந்தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை. தேங்காய்க்குக் கண் உண்டு, ஆள் தலையில் விழாது என்று சொல்பவர்களை அவர் நம்புவதில்லை. மற்றது, வீட்டுச் சுவரில் யாரும் எதையும் எழுத விடமாட்டார். கணக்கெடுக்க வரும் பிள்ளைகள் கரித்துண்டால் எண் போடப் போனால் கையைப் பிடித்துவிடுவார். "கடதாசில எழுதுங்க மனே. சுவத்துல வேணாம்." சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார், ஆனால் எண் போட விடமாட்டார்.

இந்த இரண்டாவது பழக்கத்தின் வேர் கோமாரி என்ற ஊரில் இருக்கிறது.

திருக்கோவில் தாண்டித் தெற்கே போகிற வழியில், ரோட்டுக்கும் களப்பு ஏரிக்கும் நடுவே அப்போது ஒரு தென்னந்தோட்டம் இருந்தது. கல்முனை முதலாளி ஒருவருடையது. எட்டுக் குடும்பங்கள் அதற்குள்ளேயே குடியிருந்து காவல் பார்த்தன. பாதி முஸ்லிம்கள், பாதி தமிழர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டைச் சுற்றி முப்பது மரம் பொறுப்பு. எந்த மரம் யாருடையது என்று தெரிய, ஆள் இடுப்பளவில் கத்தியால் ஒரு அடையாளம் வெட்டப்பட்டிருக்கும். வெட்டினவர் சபூறாவின் வாப்பா கச்சிமுகம்மது. தன் மரங்களுக்கு ஒரு வெட்டு. பக்கத்து வளவுச் சீனித்தம்பியின் மரங்களுக்கு இரண்டு. மற்றவர்களுக்குப் பெருக்கல் குறி, கொக்கி, இப்படி. வெட்டின்மேல் சுண்ணாம்பு தொட்டு வைத்துத் துலக்கமாக்குவது பிள்ளை சபூறாவின் வேலை. அப்போது அவருக்குப் பத்து வயது. ஆகவே அவள் என்றே சொல்லிக்கொள்வோம். அவர் கோபிக்க மாட்டார்.

அவள் மரம் ஏறுவாள், மட்டை கிழிப்பாள், சீனித்தம்பியின் கடைக்குட்டியை இடுப்பில் சுமந்துகொண்டு தோட்டம் முழுவதும் திரிவாள். எட்டு வயதிலேயே அலவாங்கில் உரிக்கப் பழகிவிட்டாள். அந்தத் திமிரில் ஒரு பிழையும் விட்டாள். கோயில் சடங்குக்கு ஐந்து தேங்காய் உரித்துத் தரும்படி சீனித்தம்பியின் பெண்சாதி கேட்டபோது, தன் கைத்திறமையைக் காட்ட ஐந்தையும் ஒரு நார் இல்லாமல் வழித்துப் பளபளவென்று கொண்டுபோய் வைத்தாள். அந்த மனுசி சிரித்த சிரிப்பில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. "மொட்டத் தலையோட பிள்ளையாருக்கு முன்னால எப்பிடிப் போறது மகள்?" சபூறா அழுதுகொண்டே போய் வேறு ஐந்து உரித்து வந்தாள். அன்று பிடித்ததுதான் இந்தக் குடுமி.

தோட்டத்தில் ஒரு வழக்கமும் இருந்தது. பறி நாளில் முதலில் விழும் இரண்டு காயை யாரும் தொடமாட்டார்கள். ஒன்று மொட்டையாக உரிக்கப்பட்டுப் பள்ளிவாசல் கந்தூரி விருந்தின் சட்டிக்குப் போகும். மற்றது குடுமியோடு பிள்ளையாருக்கு. இரண்டையும் உரிக்கிற உரிமையைச் சபூறா அழுது பிடித்து வாங்கி வைத்திருந்தாள்.

இனக் கலவரச் செய்திகளோடு எண்பத்தைந்தாம் ஆண்டு பிறந்தபோது தோட்டத்தில் எதுவும் மாறவில்லை என்றுதான் பெரியவர்கள் நடித்தார்கள். பிள்ளைகளை ஏமாற்ற முடியுமா? ரேடியோவை முற்றத்தில் வைத்துக் கேட்டவர்கள் காதோடு வைத்துக் கேட்கத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பொதுக் கிணற்றுக்கு எல்லாப் பெண்களும் ஒன்றாய் வந்து பாதிக் காலையைக் கதையிலேயே கழிப்பது வழக்கம். யாரும் பேசி முடிவு செய்யாமலே ஒரு பக்கத்தார் வெள்ளனவும் மறுபக்கத்தார் வெயிலேறியும் வரத் தொடங்கினார்கள். அவரவர் வளவுக்குள் விளையாடும்படி பிள்ளைகளுக்குக் கட்டளை வந்தது. வேலி என்பது மாட்டுக்குக் கட்டுவது என்று அதுவரை நினைத்திருந்த பிள்ளைகள் அவர்கள்.

ஒருநாள் ரோட்டோரத் தேத்தண்ணிக் கடையில் வழிப்போக்கன் ஒருவன், வேறோர் ஊரில் ஆயுதக்காரர் வந்து அடையாளம் பார்த்துப் பார்த்து வீடுகளுக்குள் புகுந்த கதையைச் சொல்லிவிட்டுப் போனான். கச்சிமுகம்மது வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லை. "நான் வெட்டின வெட்டே எல்லாரையும் காட்டிக் குடுத்திரும் போல இரிக்கி" என்று மனைவியிடம் சொன்னார். பாயில் கிடந்த சபூறாவின் காதில் அது விழுந்தது. எந்தப் பக்கத்தார் எந்த வீடு என்பதை அந்த வெட்டுகள் யாருக்கும் படித்துக் காட்டிவிடும். மரத்தில் விழுந்த வெட்டை அழிக்க முடியாது, அவளுக்குத் தெரியும். ஆனால் மூட முடியும்.

அடுத்த நாள் சுபஹு முடிந்ததும் கொட்டிலில் இருந்த சுண்ணாம்புத் தகரத்தையும் ஒரு தேங்காய்ப் பொச்சு நார்க் கற்றையையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். முதல் மரத்தில் தொடங்கி, வெட்டை முழுவதுமாக மூடி, மரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளை வளையம். யாருடைய மரம் என்று பார்க்கவில்லை. எல்லா மரத்துக்கும் ஒரே வளையம், ஒரே உயரம். இரண்டு நாள் எடுத்தது. சுண்ணாம்பு கையைத் தின்று விரலிடுக்கெல்லாம் பொத்துப் போயிற்று. இருநூற்று நாற்பது மரம்.

முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்ற பயத்தில் கச்சிமுகம்மது கையை ஓங்கிக்கொண்டு வந்தார். ஓங்கிய கையைச் சீனித்தம்பி பிடித்தார். தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "விடு மச்சான். நமக்குப் புடிபடாதது புள்ளைக்குப் புடிபட்டிரிக்கி" என்றார். அந்த மாதப் பறியில் எந்த மரம் யாருடையது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. எட்டுக் குடும்பமும் ஒன்றாகப் பறித்து ஒன்றாகப் பிரித்துக்கொண்டது. அதற்கு அடுத்த பறிக்குத் தோட்டத்தில் யாரும் இல்லை. கச்சிமுகம்மது குடும்பம் லொறியேறிச் சாய்ந்தமருதுக்கும், சீனித்தம்பி குடும்பம் காரைதீவுக்கும் வந்து சேர்ந்தன. இரண்டு ஊருக்கும் நடுவில் நடக்கிற தூரம்தான். ஆனால் அந்தத் தூரத்தை நடக்க முடியாத வருடங்கள் நிறைய வந்தன. பிறகு நடக்க முடிந்தபோது யார் எங்கே என்று தெரியாமல் போயிருந்தது.

இந்தக் கதையைச் சொல்லும்போது சபூறா சுவரில் சாய்ந்து உட்காருவதில்லை, நிமிர்ந்து நிற்பார். "தோட்டம் முழுக்க ஒத்த ஆளாப் பூசினேன். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கல்ல. எட்டுக் குடும்பமும் உசிரோட வெளிய வந்த." இதைச் சொல்லும்போது அவர் குரலில் அடக்கம் மருந்துக்கும் கிடையாது. இருக்கவும் வேண்டாம்.

சென்ற வருடம் அந்தத் தோட்டம் மறுபடியும் அவர் வாழ்க்கைக்குள் வந்தது. முதலாளி பரம்பரை கைவிட்டுக் காடாகிக் கிடந்த நிலத்தில், முன்பு குடியிருந்தவர்களுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கக் காணிக் கச்சேரி என்ற அரச விசாரணை வைப்பதாக அறிவித்தல் வந்தது. மகன் பர்ஸான் ஓடித்திரிந்து விண்ணப்பம் நிரப்பினான். பர்ஸானுக்கு முச்சக்கர வண்டி ஓட்டி முதுகு விட்டுப்போயிருந்தது. கோமாரிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வந்து போகிறார்கள், ரோட்டோரமாக ஒரு தேத்தண்ணிக் கடை போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவன் கனவு. நம்முடைய வீடு எங்கே இருந்தது என்று உம்மாவிடம் கேட்டான். கிணற்றடிக்குக் கிட்ட என்றார் சபூறா. பொய் இல்லை. ஆனால் கிணறு இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்தது. ரோட்டுப் பக்கத்து வளவு சீனித்தம்பியுடையது. மாரி மழைக்கு முழங்காலளவு தண்ணீர் நிற்கிற களப்புப் பக்கத்து வளவுதான் கச்சிமுகம்மதுவுடையது. மகன் ரோட்டுப் பக்கத் துண்டை எழுதினான். சபூறா வாசித்துப் பார்த்தார். கையெழுத்தும் போட்டார்.

சீனித்தம்பி குடும்பத்தில் யாரும் நாட்டில் இல்லை என்று யாரோ சொன்னதை அவர் நம்ப விரும்பினார். அதை மறைக்காமல் என்னிடம் சொன்னார். "ஆச வந்திட்டு. புள்ளைட முகத்தப் பாத்தா ஆச வராதா?"

காணி பார்க்கும் நாளில் பர்ஸானின் வண்டியிலேயே போனார்கள். உத்தியோகத்தர் இளம் பெண்பிள்ளை. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, இதே துண்டுக்கு இன்னொருவரும் கேட்டிருக்கிறார் என்றார். ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றியவரைச் சபூறா உடனே அடையாளம் கண்டார். பத்து வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் மூன்று தேங்காய் வாங்குகிற மனிதர். சபூறா குடுமி வைத்து வைத்து உரித்துக் கொடுத்திருக்கிறார், பேர் கேட்டதில்லை. உத்தியோகத்தர் வாசித்த பெயர் சசிகரன், தகப்பன் பெயர் சீனித்தம்பி. சீனித்தம்பியின் கடைக்குட்டி, இடுப்பில் சுமந்த அதே பிள்ளை, இப்போது நரைத்த மீசையோடு.

சசிகரனுக்கு எதுவும் நினைவில் இல்லை. தோட்டத்தை விட்டு வரும்போது நான்கு வயது. தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். கிணற்றுப் பக்கத்தில் வீடு என்று அப்பா சொல்லுவார், அவ்வளவுதான் தெரியும் என்றார். வேறு அத்தாட்சி ஏதும் உண்டா என்று உத்தியோகத்தர் இருவரிடமும் கேட்டார். இல்லை. அப்படியானால் முதலில் விண்ணப்பித்தவர் இந்த அம்மா, மற்றவருக்கு ஆட்சேபனை இல்லாவிட்டால் அப்படியே எழுதிவிடலாம் என்றார். எல்லாரும் சசிகரனைப் பார்த்தார்கள்.

"எனக்கென்ன தெரியும். ராத்தா அப்பவே வளந்த புள்ள. அவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார் சசிகரன், சபூறாவை அக்கா முறை வைத்து.

வழக்கு அங்கேயே சபூறா பக்கம் முடிந்துவிட்டது. பேனை கடதாசிக்குப் போகிறது. பர்ஸானின் முகம் விரிந்திருந்தது. சபூறா தன் பழக்கப்படி தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். மரம் நிறையக் காய். நல்ல மரம், வருடம் முழுவதும் காய்க்கும். இந்த மரத்துக்கு அடியில் கடை எப்படி இருக்கும் என்று ஒரு கணம் கண்ணால் கண்டும் விட்டாராம். பிறகு குனிந்து, கீழே கிடந்த காய்ந்த மட்டை ஒன்றை எடுத்துப் பொச்சைக் கசக்கினார். மரத்தடிக்குப் போய், தன் இடுப்பளவில் பாசி படிந்த இடத்தைத் தேய்க்கத் தொடங்கினார்.

தென்னை உச்சியில்தான் வளரும். அடிமரத்தில் விழுந்த வெட்டு நாற்பது வருடம் ஆனாலும் விழுந்த இடத்திலேயே நிற்கும். சுண்ணாம்பு என்றைக்கோ மழையோடு போய்விட்டது. பாசி உரிந்தது. கச்சிமுகம்மதுவின் கத்தி வெட்டிய இரண்டு கோடுகள் கறுப்பாக எழும்பி வந்தன.

"ரெண்டு வெட்டு. இது சீனித்தம்பிட மரம்" என்றார் சபூறா. "எங்கடது ஒண்டு. அந்தா, தண்ணி நிக்கிற பக்கம். அத எழுதுங்க மகள்."

உத்தியோகத்தர் நம்பாமல் இன்னும் நான்கு மரம் தேய்க்கச் சொன்னார். நான்கிலும் இரண்டு வெட்டு. களப்புப் பக்கம் போய்த் தேய்த்தார்கள், ஒற்றை வெட்டு. சபூறாவுக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. காணி போன கவலையைவிட, இத்தனை வெட்டையும் அன்று ஒரு பத்து வயதுப் பிள்ளை மூடி வைத்தாள் என்ற பெருமை அந்த நேரம் பெரிதாக இருந்ததாம்.

திரும்பி வரும் வழியில் அக்கரைப்பற்று தாண்டியதும் பர்ஸான் வண்டியை மெதுவாக்கினான். பிறகு ஒரு கேள்வி கேட்டான்.

"ஒங்களுக்கிட்ட ஆரும் கேட்டாங்களா உம்மா?"

"கேக்காட்டி எனக்குத் தெரியாதா மனே? அது அவங்கட ஹக்கு, அவங்கட உரிம. அந்தப் புள்ள என்னய நம்பிச் செல்லிட்டு."

ஒரு கிழமை, ஏழு நாளும், மகன் தன் சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டான். இரண்டாம் கிழமை, களப்புப் பக்கத்துத் துண்டை உயர்த்த எத்தனை லோட் மண் வேண்டும் என்று தானாகவே கேட்டான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மண் போடுகிறான். மழைக்கு அரைவாசி கரைகிறது; மறுபடியும் போடுகிறான். பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஊர் கேட்க வேண்டியதில்லை.

போன வெள்ளிக்கிழமை காலை நான் சபூறாவின் நிழலில் நின்றிருந்தேன். சசிகரனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவர் வழக்கமான மூன்றைக் கேட்கவில்லை. பின்னால் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்து, உரிக்காத தேங்காய் இரண்டை எடுத்து அலவாங்குக்குப் பக்கத்தில் வைத்தார். "முதல் பறி, ராத்தா" என்றார். அப்பா சொல்லிக் கேட்ட பறி நாள் வழக்கமும் அவர் நினைவில் நின்றிருக்கிறது.

சபூறா காய்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். முதல் காயைக் குத்தினார். மூன்று திருகல். ஒரு நார் இல்லாமல் வழித்து எடுத்தார். இடது பக்கம் எறியவில்லை. அபாயா வைத்திருந்த பெட்டியைத் திறந்து அதற்குள் வைத்தார். இரண்டாவது காயை மெதுவாகத் திருப்பினார். கண்ணுக்கு மேல் ஒரு பிடி நார் நிற்கவிட்டு, அதைக் கத்தியால் ஒழுங்காக வெட்டி, தலைத்துணியின் நுனியால் காயை ஒரு சுற்றுத் துடைத்தார். பிறகு நிமிர்ந்து நின்று இரண்டு கையாலும் அதைச் சசிகரனின் கையில் வைத்தார்.